வெள்ளிக்கிழமைக் குஸ்குஸ்

எட்மண்டனில் நாங்கள் இருந்த கவுன்சில் ஃப்ளாட்டின் மேல்மாடியில் மொரோக்கோ நாட்டு அன்ரி ஒருவர் இருந்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் குஸ்குஸ் அவித்து அயலுக்கும் கொடுப்பது அவர்கள் வழக்கம். கோதுமை ரவையை ஆவியில் அவிப்பது. ஏறக்குறைய எங்கள் புட்டுத்தான். ஆனால் மேலே ஆட்டிறைச்சி குவிந்திருக்கும். எங்கள் வீட்டிலோ வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கிடையாது. மச்சம் சமைக்கும் சட்டிகூட அன்றைக்கு அலுமாரிக்குள் போய்விடும். அம்மா வாயெல்லாம் பல்லாக நன்றி சொல்லித் தட்டை வாங்குவார். கதவைச் சாத்தியதும் எல்லாம் குப்பைக்குப் போகும். நாளைக்குச் சாப்பிடலாம்தானே என்று கேட்ட அப்பாவுக்கு ஒரு பார்வை கிடைத்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எனக்கு எட்டு வயது. வாய் சும்மா இருக்காது. ஒருநாள் படிக்கட்டில் வைத்து, எங்கள் வெள்ளிக்கிழமைச் சட்டதிட்டங்களை, சட்டி விவகாரம் உட்பட, அன்ரியிடம் பெருமையாக ஒப்புவித்தேன். கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளி வந்த தட்டில் இறைச்சி இல்லை. பூசணி, கரட், கோவா என்று மரக்கறிகளும் கடலையும் அடுக்கப்பட்டிருந்தன. புதுச் சட்டி வாங்கி அதில்தான் அவித்தேன், அம்மாவிடம் சொல்லு என்று தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். சொன்னேன்.

"சட்டி புதுசெண்டாலும் சமைக்கிற குசினி அவையின்ரைதானே, பிள்ளை. எனக்கு ஏலாது. கொண்டுபோய்க் கொட்டிப்போட்டு வா."

கீழே குப்பைத்தொட்டியடியில் அன்ரி நின்றார். என் கையிலிருந்தது மெல்லிய பை. பூசணித் துண்டுகள் அப்படியே தெரிந்தன. அவர் பார்த்தார். தொட்டியின் மூடி எனக்கு எட்டவில்லை. அவரே அதைத் தூக்கிப் பிடித்தார். போட்டுவிட்டு, "தாங்க்யூ அன்ரி" என்றேன். இப்போது நினைத்தாலும் வாய் கசக்கிறது.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் யாரும் கதவைத் தட்டவில்லை. அம்மாவுக்கு அது பெரிய நிம்மதி.

தைப்பொங்கல் வந்தது. அயலுக்குக் கொடுக்காமல் என்ன பொங்கல் என்று அம்மா ஒரு தட்டுச் சர்க்கரைப் பொங்கலோடு என்னை மேலே அனுப்பினார். அன்ரி அதை உள்ளே கொண்டுபோகவில்லை. வாசலிலேயே நின்று, என் முகத்தைப் பார்த்தபடி, கையால் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். ஒரு பருக்கை மிச்சமில்லை. பிறகு தட்டைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தார்.

அன்ரிக்குச் சரியான பசிபோல என்று ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன்.

"பாவம்" என்றார் அம்மா. "இந்தா, இன்னும் கொஞ்சம் குடுத்திட்டு வா."

நிரம்பிய தட்டோடு மறுபடியும் சந்தோஷமாகப் படியேறினேன்.