மூன்று செட்டுக்கு ஒரு ஆன்டெனா

கொல்லிமலையில் பைல் நாடு என்ற மலைப்பகுதியைச் சேர்ந்த சந்தோஷ்குமார் சரக்குக் கப்பலில் ரேடியோ மெக்கானிக். அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டவர் குணசேகரன். மலையடிவாரத்துக் காரவள்ளிக்காரர், அதே கப்பலில் இன்ஜின் ஃபிட்டர்.

கப்பலில் ரேடியோ செட்டுகள் மூன்று, ஆன்டெனா ஒன்றுதான். ஒன்று பேசும்போது மற்றவை கெடாதபடி ஆன்டெனாவை மூன்றுக்கும் பங்கிட்டுக் கொடுக்க ஒரு பெட்டி இருந்தது. இரண்டு செட்டுகள் கேப்டன் அறைப் பக்கம். மூன்றாவதும் பெட்டியும் கீழே, பேட்டரி அறையில்.

போன வருடம், ஆப்பிரிக்கக் கரையோரக் கடலில், காலை பத்து மணிக்குக் கொள்ளைக்காரர்கள் ஏறினார்கள். வந்ததும் கேப்டனின் முழங்காலில் சுட்டார்கள். மேலே இருந்த இரண்டு செட்டுகளையும் துப்பாக்கிக் கட்டையால் நொறுக்கினார்கள். எல்லோருடைய போன்களையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

"வேறு ரேடியோ எங்கே?" என்று கேட்டுச் சந்தோஷ்குமாரின் இடது கையை இரும்புக் கதவிடுக்கில் வைத்து அறைந்து சாத்தினார்கள். இரண்டு விரல்கள் தோலில் தொங்கின. அலறினான், சொல்லவில்லை.

எல்லோரையும் சாப்பாட்டு அறைக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, குணசேகரன் திடீரென்று காவலாள் மேல் பாய்ந்து கழுத்தைப் பிடித்தார்.

"ஓடு சாமி! கீழ ஓடு!"

இரண்டு வேட்டுச் சத்தம் கேட்டது. சந்தோஷ்குமார் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் பேட்டரி அறைக்குள் புகுந்து தாழிட்டான். மேலே நொறுக்கியதில் பங்கிடும் பெட்டி புகைந்து செத்துக் கிடந்தது. ஆன்டெனா கேபிளை அதிலிருந்து பல்லால் கடித்து இழுத்துப் பிடுங்கினான். ரத்தத்தில் வழுக்கிய கையால் அதை மூன்றாவது செட்டில் நேராகச் சொருகினான். கப்பல் பெயரையும் இடத்தையும் திரும்பத் திரும்பக் கத்தினான். நாலாவது முறை ஒரு போர்க்கப்பல் பதில் சொன்னது.

கொள்ளைக்காரர்கள் வெகுநேரம் இடித்த பிறகு கதவு உடைந்தது. உள்ளே வந்தவனின் முகத்தில் சந்தோஷ்குமார் பெரிய ஸ்பேனரால் அடித்தான். அவன் விழுந்த பிறகும் அடித்தான். தலைக்கு மேல் போர்க்கப்பலின் ஹெலிகாப்டர் இரைச்சல் கேட்டபோதுதான் கை நின்றது. அப்படியே வாந்தி எடுத்தான். அடிபட்டவன் பிழைத்தான், ஒரு கண் போய்விட்டது. குணசேகரன் பிழைக்கவில்லை.

உடலோடு சந்தோஷ்குமார்தான் காரவள்ளி வந்தான். குணசேகரனின் மனைவி வள்ளியாத்தாள் அவன் சட்டையைப் பிடித்துக் கேட்டாள்:

"கடைசியா என்ன சொன்னாரு?"

"என்னைய ஓடச் சொன்னாருங்க அக்கா. ஓடிட்டனுங்க."

அவள் ஓங்கி அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். அவன் முகத்தைத் திருப்பவில்லை. அவள் சோர்ந்து தரையில் உட்கார்ந்த பிறகு, கட்டுப்போட்ட கையோடு போய்ப் பாடைக்குத் தோள் கொடுத்தான்.