பேசாத இணைப்புகள்

வெளியே வெயில் ஆளை உரிக்கிறது. நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தோகாவில் எங்கள் அலுவலக சர்வர் அறையில் வருடம் முழுக்க மார்கழிதான். தங்கச்சிமடத்தில் இருபத்தைந்து வயது வரை ஸ்வெட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்காதவன், இப்போது அதைக் கழற்றினால் தும்முகிறேன். அறைக்கு ஜன்னல் கிடையாது. பாஸ்போர்ட் மேலாளரின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது.

ஊரில் தங்கை ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். எங்கள் கிறித்தவக் கோயிலில் மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்த பிறகுதான் தாலி. முதல் ஓலை வாசித்த மறுநாளே விடுப்பு கேட்டேன். நாங்கள் நடத்துவது பள்ளிச் சேர்க்கைக்கான இணையதளம். காலை எட்டு மணிக்கு விண்ணப்பம் திறந்ததும் தினமும் படுத்துவிடும். "அதைச் சரிசெய்துவிட்டுப் போ. ஒரே நேரத்தில் எத்தனை பேரை உள்ளே விடுவாய்?" என்றார் ஜோர்டான்காரரான மேலாளர். "எல்லாரையும்" என்றேன். பெரிய நிபுணன் கணக்குப் போட்டுச் சொல்கிறான் என்று நினைத்துக் கைகுலுக்கினார். நான் ஊர்ப் பழக்கத்தில் சொன்னது அது.

சின்ன வயதில் கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவுக்கு அப்பாவின் நாட்டுப்படகில் போவோம். கரையில் ஒருத்தர் கை காட்டினாலும் அப்பா விட்டுவிட்டுப் போகமாட்டார். "ஏறுங்கப்பா, சிறுசுகள மடியில வச்சுக்கங்க" என்பார். தண்ணீர் விளிம்பைத் தொடும். நாங்கள் முழுகாதது அந்தோனியார் புண்ணியம். அதே பழக்கத்தில், சர்வர் ஒரே நேரத்தில் உள்ளே விடும் ஆட்களின் உச்ச வரம்பை நூற்றைம்பதிலிருந்து அறுநூறாக்கினேன். நினைவகம் தீர்ந்துபோனது. அறுநூறு பேருக்கும் இடம் கிடைத்தது, ஒருத்தருக்கும் பக்கம் திறக்கவில்லை. காலை முழுக்கத் திட்டு வாங்கினேன். அந்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசித்தார்கள்.

பிறகுதான் சர்வரின் பதிவேடுகளைப் பொறுமையாகப் படித்தேன். உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் எதையும் கேட்கவில்லை. வேண்டிய பக்கத்தை வாங்கிவிட்டு, இணைப்பை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து ஏதாவது கேட்பார்களோ என்று சர்வரும் பதினைந்து வினாடி காத்திருந்தது. அந்தக் காத்திருப்பை இரண்டு வினாடியாக்கினேன். வரம்பை எண்பதுக்கு இறக்கினேன். மீதிப் பேர் வாசலில் கொஞ்சம் நிற்கட்டும். திங்கட்கிழமை எட்டு மணிக்குத் தளம் அசையாமல் ஓடியது. பைத்தியக்காரன் மாதிரி தனியாகக் கைதட்டினேன்.

மேலாளரும் தட்டிக்கொடுத்தார். "இந்த வித்தை உன் ஒருவனுக்குத்தான் தெரிகிறது. சேர்க்கை முடியும்வரை உன்னை எப்படி அனுப்புவது?" மூன்றாம் ஓலை முந்தின நாள்தான் வாசித்திருந்தார்கள். என் பூட்டை நானே பூட்டிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று அங்கே பத்தரை, இங்கே எட்டு. அம்மா செல்போனைக் கோயில் பெஞ்சில் வைத்திருந்தாள்.

"ஏலே சூசை, கேக்குதா?"

"கேக்குதும்மா."

அப்புறம் இருவருக்கும் வார்த்தை வரவில்லை. காதில் ஆர்மோனியமும் மணியும். கண்ணெதிரே திரையில், பேசாத இணைப்புகளை இரண்டு இரண்டு வினாடியில் சர்வர் வெட்டிக்கொண்டிருந்தது.

"வச்சிரட்டுமாம்மா?"

"வைக்காதலே. பேசாட்டி என்ன, நீ இருக்கேன்னு தெரிஞ்சாப் போதும்."

ஸ்வெட்டர் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பூசை முடியும்வரை இணைப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.