கள்ளர் கவனம்!

போன சனிக்கிழமை ஹெல்மெட்டைக் கையில் தூக்கிக்கொண்டு நண்டு வாங்கப் போனேன். ஏன் தெரியுமா?

வேலணைக் கரையோரத்தில், தகரக் கூரை வீடுகள் நெருங்கி நிற்கும் சின்னக் குடியிருப்பு அது. நுழையும் இடத்தில் புதிதாக ஒரு போர்ட் - 'கள்ளர் கவனம்! உங்கள் உடைமைகளுக்கு நீங்களே பொறுப்பு.'

இத்தனை வருடமாக மோட்டார் சைக்கிளில் சாவியைக்கூட எடுக்காமல் போய்வந்த இடம். அன்று ஹேண்டிலைப் பூட்டினேன். பூட்டிவிட்டு இழுத்தும் பார்த்தேன். எதிரே வந்த ஒருவர் சிரித்தார். இவர் ஏன் சிரிக்கிறார் என்று யோசித்தேன்...

நண்டு விற்கும் மேரி அக்கா என் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. கோபிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"கவனமா இருக்கிறது நல்லது அண்ணை. நானும் வலையை வீட்டுக்குள்ளை எடுத்து வைச்சிட்டன்."

"ஏனக்கா, ஏதும் களவு போனதோ?"

"இல்லை. ஆனா ஒண்டும் இல்லாமல் போர்ட் வைப்பினமோ?"

குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டைத் தாடையால் காட்டினார். அது ஸ்ரெல்லாவின் வீடு. இருவரும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுபவர்கள். மேரி அக்கா கடற்கரைக்குப் போகாத நேரங்களில் ஸ்ரெல்லாவின் பிள்ளை அவர் வீட்டில்தான் வளர்ந்தது.

திரும்பும்போது வேலியோரம் ஸ்ரெல்லா மறித்தார். கண் சிவந்திருந்தது.

"அண்ணை, அக்கா வலையை உள்ளை எடுத்திட்டா. எங்களைத்தானே நினைக்கிறா? பிள்ளையை இப்ப அங்கை நான் விடுறேல்லை."

ஒரு பொருளும் தொலையவில்லை. அதற்குள் இவ்வளவு!

திங்கட்கிழமை, போர்ட் வைத்த பிரதேச சபைக் கந்தோருக்குப் போனேன். யார் முறைப்பாடு கொடுத்தது? எப்போது? அலுவலர் ஃபைலைப் புரட்டினார். கொஞ்சம் சிரித்தார்.

"அது சாட்டிக் கடற்கரைக்கு அடிச்சது ஐயா. அங்கை வைச்சால் சுத்திப் பாக்க வாற சனம் பயப்பிடும் எண்டு சொல்லிச்சினம். இந்தப் பக்கம் ஒரு கம்பம் சும்மா நிண்டது..."

"இஞ்சை இருக்கிற சனம் பயப்பிடாதோ?"

அலுவலர் ஃபைலை மூடினார். ஆனாலும் புதன்கிழமை போர்ட்டைக் கழற்றிவிட்டார்கள். அன்றே மேரி அக்காவிடம் ஓடினேன்.

"கழட்டிப் போட்டினமோ? அப்ப கள்ளன் பிடிபட்டிட்டான். ஆராம்?"

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு ஸ்ரெல்லாவின் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை.

"நீங்கள் நல்ல மனுசன் அண்ணை. மறைக்கிறியள்."

'இங்கே கள்ளர் இல்லை' என்று ஒரு போர்ட் வைக்க எந்தக் கந்தோரில் கேட்பது?