சுவரில் ஒட்டிய வருமானச் சான்று

குற்றவியல் நடைமுறைச் சட்டம், 127ஆம் பிரிவு: சூழ்நிலை மாறினால் ஜீவனாம்சத் தொகையையும் மாற்றலாம். மாறியதை நிரூபிப்பது கேட்பவர் பாடு.

தல்லாகுளத்தில் நான் நீதிமன்ற எழுத்தராக இருந்தபோது, கொண்டையில் பேனா செருகிய ஒரு பெண் வாடிப்பட்டியிலிருந்து வருவார். மகளின் படிப்புக்காகத் தொகையைக் கூட்டக் கேட்டிருந்தார். பிரிந்துபோன கணவனோ, தான் கூலியாள் என்று எழுதிக் கொடுத்திருந்தான்.

“அவரோட வருமானத்துக்குச் சான்று இருக்காம்மா?”

“செவுத்துல ஒட்டிருக்குண்ணே. உரிச்சுட்டு வாரேன்.”

பசை காயாத போஸ்டரோடு திரும்பினார். தன் அக்கா மகன் காதணி விழாவுக்குத் தாய்மாமனாக அந்தக் கணவனே அடித்தது. கறுப்புக் கண்ணாடி, கும்பிட்ட கை, கீழே ‘மூன்று லாரிகளின் அதிபர்’.

“சும்மா கெத்துக்குப் போட்டதுங்கய்யா,” என்றான் நீதிபதியிடம்.

“அந்தக் கெத்துல பாதி எம்மவளுக்குங்கய்யா,” என்றார் அந்தப் பெண்.

நீதிபதி லாரிகளின் ஆர்.சி. புத்தகங்களை வரவழைத்தார், மூன்றும் அவன் பெயரில்தான் இருந்தன. இவ்வளவு மனமுவந்து தரப்பட்ட சான்றை என் பணிக்காலத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை. தொகையை இரட்டிப்பாக்கிய உத்தரவு அந்தப் பெண்ணின் கைக்கு வந்தது, மகளுக்குப் பள்ளி திறந்த ஜூன் முதல் தேதி.