கட்டணம் கேட்காத ஆய்விதழ்

ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் கழித்து இயற்பியலில் ஒரு கட்டுரை எழுதினேன். தலைநகரின் ஆர்.கே.புரத்தில் மகனுக்கு ஒதுக்கிய அரசுக் குடியிருப்பின் பால்கனியில், களிமண் குழம்பைத் தட்டுகளில் ஊற்றிக் காயவைத்து, அது எப்படி வெடிக்கிறது என்று பார்த்தேன். இருபத்தாறு தட்டுகள். என் பெயரில் வரப்போகும் கடைசிக் கட்டுரை அதுவாகத்தான் இருக்கும்.

முதலில் அனுப்பிய ஆய்விதழ் நான்காம் நாளே ஏற்றுக்கொண்டது. கடிதத்தில் 'மிகச் சிறந்த' என்று மூன்று இடத்தில் இருந்தது. களிமண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசி வரியில் கட்டணம், என் மூன்று மாத ஓய்வூதியம். கட்டுரையைத் திரும்பப் பெற்றேன்.

இரண்டாவது இதழை இயற்பியலாளர் சங்கம் ஒன்று நடத்தியது. எழுதுகிறவரிடமும் காசு வாங்குவதில்லை, படிக்கிறவரிடமும் வாங்குவதில்லை என்று இணையதளத்தில் போட்டிருந்தது. எனக்கு இதன்மேல்தான் சந்தேகம் அதிகம். ஆசிரியர் குழுவில் இருந்த பத்தொன்பது பேரும் நிஜமான ஆட்கள்தானா என்று ஒவ்வொருவராகத் தேடினேன். நிஜம்தான்.

"காசு கேட்டவன திருடன்னீங்க. கேக்காதவன பெரிய திருடன்னு சொல்லுதீங்க," என்றாள் மனைவி. அவள் பேச்சில் திருநெல்வேலி இன்னும் போகவில்லை.

"யாராவது குடுக்கத்தான வேணும்? கம்ப்யூட்டர் சும்மாவா ஓடும்?"

"மலை மந்திர்ல ரெண்டு தொன்னை பிரசாதம் வாங்குனீங்களே, அங்க இத கேட்டீங்களா?"

அனுப்பிப் பதினேழு வாரம் பதில் இல்லை. திருடிவிட்டார்கள் என்றே நினைத்தேன். திங்கள்தோறும் என் தலைப்பு வேறு யார் பெயரிலாவது வந்திருக்கிறதா என்று தேடுவேன்.

பிறகு, கட்டுரையைச் சரிபார்க்க இதழ் அமர்த்திய மதிப்பீட்டாளரின் குறிப்புகள் வந்தன. மொத்தம் பதினொன்று. அவர் யாரென்று சொல்ல மாட்டார்கள், அது வழக்கம். ஏழாவது குறிப்பு: 'மூன்றாம் படத்தில் நாற்பத்து மூன்று வெடிப்புகள் என்கிறீர்கள். நான் எண்ணியதில் நாற்பத்தொன்றுதான் இருக்கிறது.'

நிராகரிக்கச் சாக்குத் தேடுகிறார் என்று தோன்றியது. பூதக்கண்ணாடியும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். தட்டு முழுதும் ஒரே படத்தில் அடங்காததால் இரண்டு படங்களை ஒட்டியிருந்தேன். ஒட்டிய இடத்தைத் தாண்டிப் போகும் இரண்டு வெடிப்புகளை இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை எண்ணியிருக்கிறேன்.

நாற்பத்தொன்றுதான்.

"என்ன, காசு கேட்டுட்டானா?" என்றாள் மனைவி.

"இல்ல. ஒருத்தர் உக்காந்து எண்ணிப் பாத்திருக்காரு."

முதல் இதழாக இருந்தால் அந்த நாற்பத்து மூன்று என் பெயரோடு அச்சாகியிருக்கும். இருபத்தாறு தட்டுகளையும் மறுபடி எண்ணினேன். இன்னும் இரண்டில் அதே தவறு. திருத்தி அனுப்பினேன். கட்டுரை வெளிவந்துவிட்டது.

இதுவரை யாரும் காசு கேட்கவில்லை. இருந்தாலும் 'கட்டணம் இல்லை' என்றிருந்த பக்கத்தை அச்செடுத்து, தேதி குறித்து, ஓய்வூதியக் காகிதங்களோடு வைத்திருக்கிறேன்.