விதுர்ஷாவின் குதிக்கால்

கரடியனாற்று விதுர்ஷா ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். பளுதூக்கலில் மாகாண அணியில் ஓரிடம். அதற்காகத் தினமும் பஸ் ஏறிப் புளியந்தீவுக்குப் பயிற்சிக்குப் போனாள். அதற்காகவே அம்மன் சடங்கில் தீ மிதிப்பதாக நேர்த்தியும் வைத்தாள். இத்தனை இரும்பைத் தூக்குபவளுக்கு நெருப்பு எம்மாத்திரம் என்று நினைத்தாள் போலும்.

காப்புக் கட்டிய நாள் முதல் மீன், முட்டை எதையும் தொடவில்லை. பயிற்சியாளர் நல்லரத்தினம் அவித்த முட்டையை நீட்டித் திட்டியபோதும் வாயைத் திறக்கவில்லை. அப்படி இருந்தும் தணல் அவளுடைய இடது குதிக்காலைப் பதம் பார்த்துவிட்டது.

கால் சுட்டுவிட்டது என்று அந்த ஊரில் யாரும் வெளியே சொல்வதில்லை. ஒழுங்காக விரதம் இருந்தவர்களை அம்மன் சுடமாட்டாள் என்பார்கள். மறு வாரம் அணித் தெரிவு. விதுர்ஷா தாய் புஸ்பத்துக்குக்கூடக் காட்டாமல் புண்ணில் மஞ்சளை அப்பி, தடித்த காலுறையைப் போட்டு, சப்பாத்துக்குள் காலைத் திணித்தாள். பயிற்சியில் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள்.

தாயின் கண்ணுக்குத் தப்பியது நல்லரத்தினத்தின் மடிக்கணினிக்குத் தப்பவில்லை. அதிலிருந்த மென்பொருள், எடை மாட்டிய இரும்புப் பார் மேலே போகும் பாதையை மஞ்சள் கோடாக வரைந்து காட்டும். நேராக ஏறவேண்டிய கோடு தொந்திபோல முன்னால் தள்ளி நின்றது. அவர் வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். பார் முழங்காலைத் தாண்டுமுன்பே அவளுடைய இடது குதிக்கால் பலகையை விட்டுக் கிளம்பியிருந்தது.

"ஏன் புள்ள குதிய ஊண்டுறாய் இல்ல?"

"ஊண்டுறன் சேர்."

"அப்ப கொம்பியூட்டர் பொய் சொல்லுதா? சப்பாத்தக் கழட்டு."

எல்லாரும் பார்க்கக் கழற்றினாள். காலுறை தோலோடு வந்தது. நல்லரத்தினம் 'ஐயோ' என்றுகூடச் சொல்லவில்லை. போனை எடுத்து அதையும் படம் பிடித்தார். தெரிவுக்கு வேறொருத்தியை அனுப்பினார். வளைந்த கோட்டையும் வெந்த காலையும் ஒன்றாக ஒட்டி, மற்றப் பிள்ளைகளுக்குப் பாடமாகட்டும் என்று வட்ஸ்அப் குழுவில் போட்டார். அவள் ஏறிய பஸ் கரடியனாற்றுக்கு வருமுன்பே அந்தப் படம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் போனில் அதைப் பார்த்துவிட்டுப் புஸ்பம் வாசலில் நின்றாள்.

"முட்டை திண்டயா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"சத்தியம் பண்ணாத. அதான் அம்மன் காட்டித் தந்திட்டாவே."

அணி கைவிட்டுப் போனதைக்கூட விதுர்ஷா தாங்கிக்கொண்டாள். பெற்றவள் நம்பாததைத் தாங்க முடியவில்லை. கோழி வளர்க்கும் வீட்டில் அதன்பிறகு அவள் முட்டையைத் தொடவே இல்லை.

புண் ஆறியது. மஞ்சள் கோடும் நேரானது. தூக்கலைக் கெடுத்தது புண்தான், அம்மன் கோபம் இல்லை என்று காட்ட, நேர்கோடு தெரியும் வீடியோவைத் தாயிடம் கொண்டுபோனாள். புஸ்பம் முழுவதையும் பொறுமையாகப் பார்த்தாள்.

"நல்லாத்தான் தூக்குறாய் மகள். வாற சடங்குக்குத் திரும்ப மிதிச்சுப் பிழையத் தீர்த்திரு. கோயில்ல பேர் குடுத்திட்டன்."

"சடங்கு முடிஞ்ச மறு கிழமைதான் தெரிவும் வருது அம்மா."

"அதுக்கென்ன," என்றாள் புஸ்பம். "ஒழுங்கா விரதம் இருந்தாச் சுடாது."