எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பம்புசெட் கம்பெனியில் ஒவ்வொரு மோட்டாரும் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்து, சரியாகச் சுற்றினால் அதன் மேல் ஓர் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அப்போது ஒன்பது வருடமாக எனக்கு அதுதான் வேலை. அப்படிப்பட்ட நான் என் கையால் செய்த வண்டி, சொந்தபந்தம் எல்லாம் கூடி நின்று பார்க்க, பின்பக்கமாகப் போனது.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆயுத பூஜையன்று, பெரியநாயக்கன்பாளையத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில் நடந்தது இது.

வண்டி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஸ்கூட்டர் சக்கரம் இரண்டு, நடுவில் ஓர் எஞ்சின், அதற்கு மேல் நான். அவ்வளவுதான். பழைய புத்தகக் கடையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் புரட்டியபோது இந்த மாதிரிக் குட்டி பைக்கின் படம் கண்ணில் பட்டது. அதில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர் என்னைவிடக் குண்டு. செய்துவிடலாம் என்ற தைரியத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

உண்மையான காரணம் வேறு. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது லேத்திலோ ஃபவுண்டரியிலோ எதையாவது செய்துகொண்டிருப்பார். கல்யாணப் பந்தியில்கூடப் பாயசம் வருவதற்குள் பேச்சு பேரிங்குக்குப் போய்விடும். என் மனைவியின் அண்ணன் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்தார். நானோ, மற்றவர்கள் எல்லாம் செய்து முடித்த பிறகு ஸ்டிக்கர் ஒட்டுகிறவன். ஒரு விருந்தில் மச்சான் எல்லார் முன்னாலும் சொன்னார்: "எங்களுக்கு இரும்பக் கடைஞ்சு கையெல்லாம் காப்புக் காச்சிப் போச்சுங்க. மாப்ளைக்கு அந்தத் தொந்தரவு இல்லீங்க. விரல்ல கொஞ்சம் கோந்து ஒட்டும், சோப்புப் போட்டாப் போயிரும்."

எங்கள் ஊரில் இது ஒரு சங்கடம். அடித்தாலும் 'ங்க' போட்டுத்தான் அடிப்பார்கள்; திருப்பி அடிக்கவும் முடியாது. பந்தியே சிரித்தது. என் மனைவி மட்டும் சிரிக்காமல் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலை அப்படிக் குனிந்திருந்ததைப் பார்த்துத்தான் வாயை விட்டேன்: "வர்ற ஆயுத பூஜைக்கு நானே ஒரு வண்டி செஞ்சு ஓட்டிக் காட்டறனுங்க மச்சான். உங்க பட்டறைப் பக்கமே வரமாட்டேன்."

எஞ்சின், உக்கடம் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. தோட்டங்காட்டில் தண்ணீர் இறைத்து ஓய்ந்த சின்ன பம்பு எஞ்சின். கடைக்கார பாய் கயிற்றைச் சுற்றி இழுத்து ஓட்டிக் காட்டிவிட்டு, "கெணறு எத்தனை அடிங்க?" என்று கேட்டார். "கெணறு இல்லீங்க, பைக்குக்கு" என்றேன். "எதுக்கும் ஒரு பேச்சு ஊட்ல கேட்டுக்குங்க" என்றார் கவலையோடு.

தண்ணீர்க் குழாயை வளைத்து ஃபிரேம் செய்தேன். பழைய மொபெட்டிலிருந்து கிளட்ச் எடுத்துப் போட்டேன். சீட்டுக்கு ரெக்சின் தைத்துக் கொடுத்தது மனைவி. வெல்டிங் மிஷினை ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்துப் பின்வாசலில் வைத்துப் பழகினேன். நான் பற்ற வைக்கும்போதெல்லாம் அக்கம்பக்கத்து வீடுகளில் டிவி சுருங்கி விரியும். பக்கத்து வீட்டு அம்மணி மதில்மேல் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, படம் முடியற நேரத்துலதான் உங்களுக்கு நெருப்புப் பத்துமாங்க?" என்று கேட்டார். என் முதல் வெல்டிங் பறவை எச்சம் மாதிரி இருந்தது. ஐந்தாவது வாரம் அது வெல்டிங் மாதிரியே இருந்தது.

முடிந்த வண்டியை ஓட்டிப் பார்க்கக் கை அரித்தது. பூசை போடாமல் புது வண்டி வாசல் தாண்டக் கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் செயினைக் கழற்றி வைத்து, எஞ்சினை மட்டும் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்தேன். வருடக்கணக்கில் நான் ஒட்டிய அம்புக்குறிகளில் ஒன்றுகூட அப்போது என் கண்முன் வரவில்லை.

பூசை நாள் வந்தது. மச்சான் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் நின்றார். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆனது. இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாள் மனைவி. நான் ஏறி உட்கார்ந்தேன். முழங்கால்கள் ஏறக்குறைய காதுக்குப் பக்கத்தில் இருந்தன. சாமியை நினைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரைத் திருகினேன்.

வண்டி சீறியது. எலுமிச்சம்பழங்கள் என்னை விட்டு விலகிப் போயின. பழம் எங்கே போகிறது என்று நான் யோசித்து முடிப்பதற்குள், பின்னால் வைத்திருந்த பொரித் தாம்பாளத்தின் மேல் ஏறி நின்றுவிட்டேன்.

கூட்டத்தில் யாரோ, "ரெண்டு ஒயர மாத்திக் குடுங்க, சரியாப் போயிரும்" என்றார்கள். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் எங்கள் ஊர்ப் பச்சைக் குழந்தைகூட அதைத்தான் சொல்லும். பெட்ரோல் எஞ்சினில் எந்த ஒயரை மாற்றுவது? வாசலே குலுங்கிச் சிரித்தது.

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "உடுங்க மாப்ளே. வண்டியப் பட்டறைக்கு அனுப்புங்க. ரெண்டு பல்சக்கரம் கடைஞ்சு போட்டு, நாளைக்கே நேரா ஓடற மாதிரி பண்ணிக் குடுத்தர்றேன்." கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமான அன்போடு சொன்னார். 'சரிங்க' என்ற சொல் என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

அதற்குள் மனைவி குனிந்து எலுமிச்சம்பழங்களை எடுத்தாள். பொரியை ஒதுக்கிவிட்டு, அவற்றைச் சக்கரங்களுக்குப் பின்னால் வைத்தாள். "சாமிக்கு எந்தப் பக்கம் போனாலும் ஒண்ணுதானுங்க. நீங்க வண்டிய எடுங்க" என்றாள். பிறகு அண்ணனிடம் திரும்பி, "பட்டறையெல்லாம் வேண்டாமுங்ண்ணா. அவரே பாத்துக்குவாரு" என்றாள்.

பின்னோக்கியே போய் இரண்டு பழங்களையும் நசுக்கினேன். எல்லாரும் போன பிறகு, பொரியைக் கூட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: "பாத்துக்குவீங்கல்லோ?"

தவறு எங்கே என்று தெரிய இரண்டு நாள் ஆனது. சுவரோரம் சாய்த்திருந்த என் சைக்கிளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. சைக்கிளில் செயின் வலப்பக்கம் இருக்கிறதே என்று நானும் எஞ்சினைத் திருப்பி வைத்து, செயினை வலப்பக்கம் கொண்டுவந்திருந்தேன். சைக்கிளை மிதிப்பது நம் கால். அது நாம் நினைத்த பக்கம் சுற்றும். எஞ்சின் அதற்குத் தெரிந்த ஒரே பக்கம்தான் சுற்றும்; திருப்பி வைத்தால் வண்டிக்கு அது பின்பக்கம். செயின் இடப்பக்கம் இருந்திருந்தால் வண்டி சமர்த்தாக முன்னால் போயிருக்கும்.

ஆசையாகப் போட்ட வெல்டிங்கை நானே அறுத்தேன். எஞ்சினைத் திருப்பி, பின்சக்கரத்தைத் திருப்பி, பிரேக்கை மறுபக்கம் மாற்றி, மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. மூன்றாவது ஞாயிறு, நம்பர் பிளேட் இல்லாத வண்டி என்பதால் மெயின் ரோட்டைத் தொடாமல், காட்டுத் தடத்திலேயே இரண்டு மைல் ஓட்டிக்கொண்டு மச்சானின் பட்டறை வாசலில் போய் நின்றேன். முன்பக்கமாகத்தான்.

மச்சான் வெளியே வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எஞ்சினைத் தாங்கும் வெல்டிங்மேல் கட்டைவிரலை ஓட்டினார்.

"இது யாருங்க வெச்சது?"

"நாந்தானுங்க."

மறுபடியும் ஒருமுறை விரலை ஓட்டினார். பிறகு உள்ளே திரும்பி, லேத்துச் சத்தத்துக்கு மேல் கத்தினார்: "மிஷின நிறுத்திப்போட்டு எல்லாம் வெளிய வாங்கடா. எங்க மாப்ளை செஞ்ச வண்டியப் பாருங்க!"

அதற்கப்புறம் எத்தனையோ வண்டி வாங்கினேன், விற்றேன். எதிலும் ஏறி உட்கார்ந்து அப்படி நிமிர்ந்ததில்லை. வாழ்க்கையில் ஒரே ஒருநாள், ஒரு பட்டறை முழுக்க லேத்தை நிறுத்திவிட்டு நான் செய்ததைப் பார்க்க வந்தது என்பதை நினைத்தால், இன்றைக்கும் கழுத்து தானாகக் கொஞ்சம் நேராகிறது.

அன்று திரும்பும்போது சோளக்காட்டு ஓரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். மேலும் கீழும் பார்த்தார். பெருமை தாங்காமல், அவர் கேட்பதற்கு முன்பே, "நானே செஞ்சதுங்க" என்றேன்.

"அது கெடக்கட்டுங் கண்ணு" என்றார் அவர். "சர்க்கஸ் எந்தூர்ல போட்டிருக்கறாங்க?"